மூன்று இலட்சம் ரூபாவில் மூன்று பேருக்கு ஐந்து நாள் சிங்கப்பூர்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். மட்டக்களப்பு, கல்லடியில் ஆசிரியராக இருக்கிறீர்கள். வருகிற ஆகஸ்ட் விடுமுறையில் மனைவியையும் 68 வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்து பகலும் நான்கு இரவும் சிங்கப்பூரில் நின்றுவர விரும்புகிறீர்கள். விமானச் சீட்டுக்கான பணம் புறம்பாக இருக்கிறது. அதற்கு மேல் செலவழிக்கக் கையிலுள்ளது மூன்று இலட்சம் ரூபா. கல்முனை நண்பரின் குடும்பமும் சேர்ந்து வரக்கூடும். 'இந்தக் காசுக்கு அங்கே இரண்டு நாள்கூட நிற்க ஏலாது' என்று பாடசாலையில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நான் ஏழு வருடம் அங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தவன், பிறகு மனைவியையும் மாமியையும் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை சும்மா சுற்றிப் பார்க்கவும் போய்வந்தவன் என்பதால் முடியுமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் சிங்கப்பூரில் எது விலை, எது விலையில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும், ஏனென்றால் அந்த ஊரின் விலைவாசி நம்முடைய ஊரைப்போல எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஏறி இறங்குவதில்லை. படுக்கிற இடமும், கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் கேளிக்கை இடங்களும், குளிரூட்டிய உணவகங்களும், மதுபானமும் கழுத்தை நெரிக்கும். அங்குள்ள சாதாரண சனம் தினமும் பயன்படுத்தும் ரயில், பஸ், உணவங்காடி, பூங்கா, கோயில், பள்ளிவாசல் ஆகியவையோ நம்முடைய கைக்கும் எட்டும். அங்குள்ள தமிழர் டொலரை 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். நாணய மாற்று நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரு வெள்ளியை 240 ரூபா என்று வைத்துக் கணக்குப் போட்டால், உங்கள் மூன்று இலட்சம் 1,250 வெள்ளி. மூவர் படுக்கும் சாதாரண அறைக்கு ஓர் இரவுக்கு 150 வெள்ளி என்று நான்கு இரவுக்கு 600. சாப்பாட்டுக்கு ஒருவருக்கு நாளுக்கு 20 வெள்ளி என்று 300. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எல்லாமாக 100. ஆயிரம் வெள்ளியில் அடிப்படைச் செலவு முடிந்துவிடுகிறது, 250 வெள்ளி கையில் மிஞ்சுகிறது. அந்த 250ஐ எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் பயணத்தின் ருசி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்ட் நல்ல மாதம். மார்கழி விடுமுறையில் போகலாமா என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நமக்கு மாரியைக் கொண்டுவரும் அதே வாடைக்காற்றுத்தான் அந்த மாதங்களில் அங்கேயும் மழையைக் கொட்டும், அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். சீனப் புத்தாண்டில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். செப்டெம்பர், ஒக்டோபரை ஒட்டி நடக்கும் கார் பந்தயத்தின்போது 150 வெள்ளி அறையை 300க்குச் சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

விமானச் சீட்டில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நம்மவர் அடிக்கடி விழுகிறார்கள். கொழும்பிலிருந்து நேரே போனால் நான்கு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான் பறப்பு. கோலாலம்பூர் வழியாகவோ சென்னை வழியாகவோ போகும் மலிவுச் சீட்டுகளும் கிடைக்கும். இரண்டு பறப்பும் ஒரே சீட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் இன்னும் பத்தாயிரம் ரூபா மிச்சம் பிடிக்கிறேன் என்று கொழும்பு–கோலாலம்பூர் ஒரு சீட்டும், கோலாலம்பூர்–சிங்கப்பூர் வேறொரு சீட்டுமாக வாங்கினால், இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழையவேண்டி வரும். சிங்கப்பூருக்கு நம்முடைய கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் தேவை. கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே உங்களை ஏற்றமாட்டார்கள். இதே காரணத்தால், 'எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் மலிவாகத் தங்கி, பகலில் சிங்கப்பூர் பார்த்துவிட்டுத் திரும்பலாம்' என்று யாராவது யோசனை சொன்னாலும் அது உங்களுக்குப் பொருந்தாது. விசா இருந்தாலும் பாலத்தில் வரிசையில் நின்றே அம்மாவின் முழங்கால் போய்விடும்.

இறங்கும் நேரத்தையும் பாருங்கள். நள்ளிரவு தாண்டி ரயில் ஓடாது, டாக்சிக்கு நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை மீற்றர் கட்டணத்தில் பாதி கூடுதலாகச் சேரும். பகலில் இறங்கும் சீட்டு ஐயாயிரம் ரூபா கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

காகித வேலை அதிகமில்லை. கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்கவேண்டும். நீங்கள் அரச ஊழியர் என்பதால் வெளிநாட்டு விடுமுறைக்கான அனுமதியை வலயக் கல்வி அலுவலகம் ஊடாக முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பிரதியையும் கையில் வைத்திருங்கள். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். அது முற்றிலும் இலவசம். அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக்கொண்டு அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, அவற்றில் கடன் அட்டை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். குடிவரவு அதிகாரி கேட்டால் திரும்பும் சீட்டு, அறை பதிந்த தாள், செலவுக்கான பணம் மூன்றையும் காட்டத் தயாராக இருங்கள். உள்ளே விடுவதும் விடாததும் அந்த அதிகாரியின் முடிவு.

அம்மா வெற்றிலை போடுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. என் மாமி போடுபவர். வெற்றிலை வட்டாவில் இருந்த புகையிலைத் துண்டை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம், ஆனால் கட்டுநாயக்கவில் கைப்பையைத் துழாவியபோது அடிமடிப்பில் ஒரு சின்னச் சுருள் கிடந்தது. மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோவது சட்டப்படி தடை. சுவிங்கமும் தடை, மின்சிகரெட்டும் தடை, சாதாரண சிகரெட்டில் ஒரு பெட்டிக்குக்கூடத் தீர்வைச் சலுகை கிடையாது. மாமி அந்தச் சுருளைக் குப்பைத்தொட்டியில் போட்ட முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மாவின் மாத்திரைகளை வைத்தியரின் துண்டோடு, மருந்துக்கடைப் பெட்டியிலேயே கொண்டுபோங்கள். பிரித்துப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போகவேண்டாம்.

இனி அறை. எந்த இடத்தில் எடுப்பது என்பதற்கு என்னுடைய பதில், நீலத் தடத்தின் மேல் என்பதுதான். சிங்கப்பூரின் ரயில் தடங்கள் நிறத்தால் அறியப்படும். அவற்றில் டவுன்டவுன் தடம் எனப்படும் நீலத் தடம் நீங்கள் பார்க்கவேண்டிய இடங்களில் முக்காற்பங்கைத் தொட்டுக்கொண்டு போகிறது. விமான நிலையத்தில் ரயில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் நீலத் தடத்துக்கு மாறினால், ஜாலான் புசார் நிலையம்வரை மறுபடி மாறத் தேவையில்லை. மூன்று பெட்டியும் ஒரு வயதான தாயும் கூடவரும்போது ஒரு மாற்றத்தோடு பயணம் முடிவது எவ்வளவு நிம்மதி என்பதை அங்கே போய் உணர்வீர்கள். ஜாலான் புசாரில் இருந்து லிட்டில் இந்தியாவும் முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடையும் நடை தூரம். சையத் அல்வி சாலை, லெவெண்டர், பெண்டமீர் ஆகிய சுற்றுவட்டாரத்தில் சிறிய ஹோட்டல்கள் நிறைய உண்டு. அறைகள் சிறியவை, பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிராது. சன்னலே இல்லாத அறைகளும் உண்டு, அவைதான் மலிவு. பகல் முழுக்க வெளியில் சுற்றப்போகும் உங்களுக்குச் சன்னல் எதற்கு?

கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் விடுதிகளில் ஒருவருக்கு 30 முதல் 50 வெள்ளிக்குப் படுக்கலாம். இளவட்டங்களுக்கு அது பொருத்தம். அம்மாவை ஏணிவைத்த மேற்கட்டிலில் ஏற்றமுடியாது; மூன்று கட்டிலுக்குக் கொடுக்கும் காசு ஓர் அறையின் வாடகைக்குக் கிட்ட வந்துவிடவும் கூடும். கேலாங் பக்கத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் சில தெருக்கள் சிவப்பு விளக்குப் பகுதி. குடும்பத்தோடு இரவில் திரும்பி வரச் சங்கடமாக இருக்கும். இணையத்தில் யாராவது 'வீட்டில் ஓர் அறை, நாள் வாடகை' என்று மலிவாகக் காட்டினால் எடுக்காதீர்கள். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கு வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம், அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு அந்த எல்லை ஆறு மாதம். வேலை செய்யும் ஊர்ப் பொடியன்கள் 'எங்கள் விடுதியில் வந்து படுங்கள் சேர்' என்று அன்போடு கூப்பிடுவார்கள். அவர்களுக்குப் பிரச்சினை கொடுக்கவேண்டாம்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சீட்டு வாங்கும் வழக்கம் இல்லை, அட்டையைத் தட்டி உள்ளே போய், தட்டி வெளியே வரவேண்டும். உங்கள் வங்கி அட்டையையே தட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்குப் பயணம் செய்யும் ஒவ்வொரு நாளும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும், உங்கள் வங்கி இங்கே இன்னொன்றை வெட்டிக்கொள்ளும். அதோடு ஒரே அட்டையை மூவருக்கும் தட்டமுடியாது. ஈசி-லிங்க் என்ற பயண அட்டையை ஆளுக்கொன்றாக வாங்குவதே எளிது: பத்து வெள்ளி கொடுத்தால் அதில் ஐந்து வெள்ளி அட்டையின் விலை, மற்ற ஐந்து வெள்ளி பயணத்துக்கு. ஒரு பயணம் ஒன்றேகால் வெள்ளியிலிருந்து தூரத்தைப் பொறுத்து இரண்டரை வெள்ளிவரை போகும். ரயிலை விட்டு இறங்கி 45 நிமிடத்துக்குள் பஸ் ஏறினால் இரண்டையும் ஒரே பயணமாகக் கணக்கிடுவார்கள். பஸ்ஸில் இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசித் தரிப்பிடம்வரை காசு போய்விடும், இதை அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் தண்டம் உண்டு, அதிகபட்சம் 500 வெள்ளி. டுரியான் பழத்தை ரயிலில் ஏற்றவே கூடாது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் நிலையங்களில் எச்சரிக்கைகள் தமிழிலும் எழுதியிருக்கும். அம்மா நின்று எழுத்துக் கூட்டி வாசிப்பார், பின்னால் வருபவர்களுக்கு இடம் விட்டு ஓரமாக நிற்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில்தான் சிங்கப்பூர் நம்மைப் போன்றவர்களுக்கு இரங்குகிறது. அங்கே சனம் வீட்டில் சமைப்பது குறைவு. காலையில் வேலைக்குப் போகும்போதும், மத்தியானமும், இரவும் உணவங்காடி நிலையங்களில் சாப்பிடுகிறார்கள். தெருவோரத்தில் தள்ளுவண்டியில் விற்றவர்களையெல்லாம் அரசாங்கம் 1970, 80களில் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுவந்து கடை கொடுத்ததால் உருவானவை இவை. 2020 டிசெம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் சி வாசலால் வெளியே வந்தால் தேக்கா அங்காடி நிலையம். ஒரு பக்கம் மீன், இறைச்சி, மரக்கறிச் சந்தை. மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள். தோசையும் பராட்டாவும் இரண்டு மூன்று வெள்ளியில் காலைச் சாப்பாட்டை முடித்துவிடும். சிக்கன் ரைஸ் நான்கு ஐந்து வெள்ளி, பிரியாணி ஏழு எட்டு வெள்ளி. ஒரு நாளைக்கு 20 வெள்ளி என்று நான் சொன்னது தாராளமான கணக்கு, வயிற்றைக் கட்டிக்கொண்டு போட்டதல்ல.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே 'தே' என்று கேட்டால் டின்பால் ஊற்றிய இனிப்புத் தேநீர்தான் வரும். 'தே ஓ' என்றால் நம்முடைய பிளேன்ரீ, ஆனால் சீனி போட்டது. 'தே ஓ கொசோங்' என்றால் சீனியில்லாத பிளேன்ரீ, 'தே சி கொசோங்' என்றால் சீனியில்லாத பால்தேநீர். 'கொசோங்' மலாய்ச் சொல், வெறுமை என்று பொருள். அந்த ஒரு சொல்லை அம்மாவுக்குப் பழக்கிவிட்டால் யாருடைய துணையும் இல்லாமல் தானே போய் வாங்கிக் குடிப்பார். என் மாமி மூன்றாம் நாள் கடைக்காரச் சீனத்தியோடு அந்த ஒரே சொல்லில் சினேகிதமே பிடித்துவிட்டார். மேசையில் ஒரு கைத்துடைப்புத் தாள் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம், எடுத்துத் துடைத்துவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்கவேண்டும். 2021 முதல் அது சட்டம். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், ஆகவே ஆளுக்கொரு போத்தலை இங்கிருந்தே கொண்டுபோங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் 1947இலிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸ் இருக்கிறது. கல்முனை நண்பருக்கு ஹலால் பற்றிய கவலை வேண்டாம். முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் கடை முகப்பில் தொங்கும், தேக்காவிலும் கேலாங் சிராயிலும் தேட வேண்டிய தேவையே இராது.

நண்டு சாப்பிடும் ஆசை வரும். வேண்டாம். நான் அங்கு போன முதல் வருடம் சம்பளம் எடுத்த ஞாயிறன்று நாங்கள் நான்கு பேர் கடற்கரையோரக் கடலுணவுக் கடையொன்றுக்குப் போனோம். உட்கார்ந்ததும் ஒரு சின்னத் தட்டில் கச்சானும், ஆளுக்கொரு ஈரத் துவாய்ப் பொட்டலமும் வைத்தார்கள். உபசாரம் என்று நினைத்துக் கச்சானைக் கொறித்தோம், துவாயில் முகம் துடைத்தோம். நண்டின் விலைக்கு நேரே எண் எதுவும் போடாமல் 'அன்றைய விலை' என்று மாத்திரம் இருந்தது. கயிற்றால் கால்களைக் கட்டிய ஒரு கறுத்த நண்டைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டி, 'சிறிலங்கன் கிராப், நம்பர் வன்' என்றார் பணியாள். அதன் ஓட்டைப் பார்த்ததும் எங்களில் ஒருவன், வாழைச்சேனைக்காரன், 'மச்சான், இது நம்முடைய வாவியில் பிடிக்கிற நண்டடா' என்று சிரிக்கத் தொடங்கிவிட்டான். உண்மையில் அந்த ஊர்ச் சமையலில் பேர்பெற்ற மிளகாய் நண்டுக்கு இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் களிநண்டைத்தான் உயர்வாக மதிக்கிறார்கள். நூறு கிராம் விலை சொல்லித்தான் நிறுப்பார்கள். கிலோ ஒன்று நூறு வெள்ளியைத் தொடும். பற்றுச்சீட்டில் நண்டுக்குக் கீழே கச்சானுக்கும் காசு, ஈரத் துவாய்க்கும் காசு, அதற்குக் கீழே பத்து வீதச் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் வரி. இன்று அந்த வரி 9 வீதம். கேட்காமல் மேசைக்கு வருவது எதுவானாலும் 'வேண்டாம்' என்று அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தால் கணக்கில் சேராது. நண்டை ஊருக்குத் திரும்பி வந்து சாப்பிடுங்கள்.

பார்க்கும் இடங்களுக்கு வருகிறேன். சிங்கப்பூர் பரப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கால் பங்கு அளவுதான், ஆனாலும் ஒரு நாளில் நான்கு இடம் என்று திட்டம் போடாதீர்கள்; காலையில் ஒன்று, வெயில் ஏறியதும் அறை அல்லது ஏதாவது குளிரூட்டிய கடைத்தொகுதி, மாலையில் ஒன்று என்று வைத்தால் அம்மாவும் தாங்குவார்.

ஒரு நாள் காலையை இலங்கைச் சாலைக்குக் கொடுங்கள். கடோங் பகுதியில் 'சிலோன் ரோட்' என்றே பெயருள்ள தெருவில் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. செண்பக மரத்தடியில் சிறு கோயிலாகத் தொடங்கி, 1923 முதல் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தின் பொறுப்பில் இருந்துவருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் மலாயாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வழிபடும் இடம். கருங்கல் தூண்களில் விநாயகரின் 32 வடிவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றாக நின்று பார்க்க விரும்புவார், அவசரப்படுத்தாதீர்கள். அங்கிருந்து நடை தூரத்தில், 2024இல் திறந்த மரின் பரேட் நிலையம் பழுப்புத் தடத்தில் இருக்கிறது. அதில் ஏறினால் நான்காவது தரிப்பு கார்டன்ஸ் பை த பே. மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். வெளித்தோட்டத்துக்குக் கட்டணமில்லை. மரம்போல் நிறுத்திய இரும்புக் கோபுரங்களுக்குக் கீழே இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளியும் இசையும் நடக்கும், அதற்கும் கட்டணமில்லை. நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்பதுதான் முறை, வெட்கப்படாமல் நீங்களும் படுங்கள். முதற்காட்சி முடிந்ததும் தோட்டத்தின் ஊடாக நடந்து மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் முன்புறத்துக்குப் போனால் ஒன்பது மணிக்கு நீர்க்காட்சி. பேய்ஃபிரண்ட் நிலையத்தில் நீலத் தடம் ஏறி நேரே அறைக்குத் திரும்பலாம். அன்று முழுவதும் உங்கள் மூவருக்கும் செலவானது சாப்பாடும் ரயில் காசும் மாத்திரமாகத்தான் இருக்கும்.

அதே நீலத் தடத்தில்தான் தாவரவியல் பூங்காவும். 1859இல் தொடங்கியது, 2015 முதல் உலக மரபுடைமை. உள்ளே இருக்கும் ஒர்கிட் தோட்டத்துக்கு மாத்திரம் கட்டணம். நீங்கள் விஞ்ஞான ஆசிரியர் என்பதால் சொல்கிறேன்: பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டம் வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் நம்முடைய ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன, மறு வருடம் இந்தப் பூங்காவுக்கும் கன்றுகள் போயின. மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையை வளர்த்தெடுத்தது இங்கேதான். காலை ஏழு மணிக்குப் போங்கள். முதியவர்கள் கூட்டமாகத் தேகப்பயிற்சி செய்வார்கள், அம்மாவுக்குப் பொழுதுபோகும்.

கல்முனை நண்பர் வந்தால் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்குங்கள், இதுவும் நீலத் தடமே. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த சூலியா முஸ்லிம் வணிகர்கள் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக எழுப்பியது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றமும் அதே நாயகத்தின் பெயரால் நடப்பது அவருக்குத் தெரியும், அங்கே போய் நின்றால் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சைனாடவுன் பக்கமாக நடந்தால் 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். ஜும்ஆவுக்குப் பெரிய பள்ளி வேண்டுமென்றால் புகிஸ் நிலையத்துக்குக் கிட்ட சுல்தான் பள்ளிவாசல்.

உயரத்திலிருந்து நகரைப் பார்க்கப் பெரிய ஹோட்டலின் மொட்டைமாடிக்குப் பணம் கட்டாதீர்கள். டக்ஸ்டன் பகுதியில் ஐம்பது மாடி அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் உச்சிப் பாலத்துக்கு ஆறு வெள்ளியில் ஏறலாம். அங்குள்ளவர்கள் துணி காயப்போடும் மாடங்களைத் தாண்டிக் கடல் தெரியும். நாட்டுப்புறம் பார்க்க விருப்பமென்றால் சாங்கி முனையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் படகில் ஆளுக்கு நான்கு வெள்ளி. நேர அட்டவணை கிடையாது, பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். குருமண்வெளித் துறையில் பாதைப் படகு நிறையும்வரை நின்று பழகிய நமக்கு அது புதினமில்லை.

மிஞ்சிய 250 வெள்ளிக்கு என்ன செய்வது? ஒரே ஒரு கட்டண இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கார்டன்ஸ் பை த பேயின் இரண்டு கண்ணாடிக் கூடங்களோ, இரவு விலங்குப் பூங்காவோ, எதுவானாலும் ஆளுக்கு ஏறத்தாழ 50 வெள்ளி என்று மூவருக்கும் 150 போகும். என் தெரிவு கண்ணாடிக் கூடங்கள். அம்மாவுக்கு நடை குறைவு, உள்ளே குளிர்மை. யூனிவர்சல் ஸ்டூடியோ என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று சீட்டு வாங்கி, அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மாத்திரம் சுழலாதீர்கள். மீதி நூறில் ஐம்பது வெள்ளியைக் கடைசிவரை தொடாமல் வையுங்கள், மழைக்கோ மருந்துக்கோ ஒரு டாக்சிக்கோ அது தேவைப்படும். மற்ற ஐம்பதுக்கு முஸ்தபாவில் பிள்ளைகளுக்கும் அயலவருக்கும் சொக்லேட், தைலம் வாங்கலாம். அந்தக் கடைக்கு முதல் நாளே போகாதீர்கள், காசு அங்கேயே முடிந்துவிடும்.

கடைசி நாள் பெட்டியோடு நேரே விமான நிலையம் போய், பக்கத்திலுள்ள ஜுவல் கடைத்தொகுதியில் 40 மீற்றர் உயரத்திலிருந்து கூரை வழியாக விழும் செயற்கை நீர்வீழ்ச்சியைப் பாருங்கள், அதற்கும் காசில்லை. ஆனால் செலவு அத்தோடு முடியவில்லை. கட்டுநாயக்கவில் நடுச்சாமத்தில் இறங்கினால் மட்டக்களப்புக்கு வான் பிடிக்கும் எண்ணம் வரும். முந்நூறு கிலோமீற்றருக்கு அவர்கள் கேட்கும் தொகை சிங்கப்பூரில் ஓர் இரவு அறைக்குக் கொடுத்ததை விடக் கூடுதலாகவே இருக்கும். விடியும்வரை வருகை மண்டபத்திலேயே இருந்து, நீர்கொழும்பிலிருந்து குருநாகலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, அங்கே மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடியுங்கள். இருக்கை கிடைக்கிறதோ இல்லையோ, அம்மாவுக்கு ஒன்றை யாராவது எழுந்து கொடுப்பார்கள்.